ஜன்னலும் தெருமுனையும்: வீட்டு ஸ்டுடியோவில் கற்று, தெருவில் படம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு வருடம் தெருவில் மட்டும் கேமராவோடு அலைந்தேன். நல்ல தருணங்கள் கிடைத்தன. ஆனால் முகங்கள் தட்டையாக இருந்தன. கண்ணுக்குக் கீழே கறுப்புக் குழி, நெற்றியில் வெள்ளைத் திட்டு. ஏன் என்று புரிந்தது வீட்டில்தான். ஒரு மழைநாளில் வெளியே போக முடியாமல், ஜன்னலுக்கு முன்னால் ஒரு முட்டையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று பார்த்ததை அடுத்த வாரமே தெருவில் அடையாளம் கண்டேன். அதன் பிறகு தெருவையும் ஸ்டுடியோவையும் தனித்தனி வேலையாக என்னால் நினைக்க முடியவில்லை.

அதனால் இந்த வழிகாட்டி வீட்டில் தொடங்கி, தெருவுக்குப் போய், மறுபடி வீட்டுக்குத் திரும்புகிறது. முடிந்தவரை இதே வரிசையில் செய்து பாருங்கள்.

கருவிகள், சுருக்கமாக

ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம், விநாடியில்), அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப்/8 போல எழுதுவார்கள், எண் பெரிதானால் திறப்பு சிறிது), ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) மூன்றையும் நீங்களே மாற்றக்கூடிய எந்தக் கேமராவும் போதும். லென்ஸ் ஒன்றே ஒன்று. ஃபுல் ஃபிரேம், அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள கேமரா என்றால் 35 அல்லது 50 மி.மீ., அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 23 அல்லது 35 மி.மீ. ஜூம் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே லென்ஸோடு சில மாதம் இருந்தால், கேமராவைத் தூக்கும் முன்பே படச்சட்டத்துக்குள் எது விழும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரஸ்ஸோன் தன் வேலையில் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸில்தான் செய்தார், கேமராவின் பளபளப்பான பாகங்கள் கண்ணை உறுத்தாமலிருக்கக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா ஃபைலில் எடுங்கள். வீட்டு வேலைக்கு ஒரு ட்ரைபாட், ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை, ஒரு கறுப்புத் துணி, ஒரு மெல்லிய வெள்ளைத் திரைத்துணி. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

முதல் படி: ஜன்னலுக்கு முன் ஒரு முட்டை

நேரடி வெயில் விழாத ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். வெயில் விழுந்தால் திரைத்துணியைக் கட்டிவிடுங்கள். அறையிலுள்ள எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்: பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின். வீட்டில் எரியும் மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 வரை. இரண்டும் கலந்தால் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு. ஒயிட் பேலன்ஸை, அதாவது கேமராவின் நிறச் சீரமைப்பை, எப்படித் திருப்பினாலும் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது.

ஜன்னலிலிருந்து ஒரு மீட்டரில் மேசை, அதன்மேல் ஒரு வெள்ளை முட்டை. கேமரா ட்ரைபாடில், ஐஎஸ்ஓ 200, எஃப்/8, இரண்டு விநாடி டைமர். ஷட்டர் வேகம் எவ்வளவு மெதுவானாலும் பரவாயில்லை, முட்டை அசையாது.

முட்டை ஏன் என்றால், அதற்கு நிறமில்லை, கோலமில்லை, மூலையில்லை. வெளிச்சத்தைத் தவிர அதில் பார்ப்பதற்கு வேறொன்றுமில்லை. வெளிச்சம் பட்ட பக்கம், அது மெல்ல மங்கி நிழலாகும் இடம், முழு நிழல், மேசையிலிருந்து பட்டுத் திரும்பி அடிவயிற்றில் தெரியும் மங்கிய ஒளி, மேசைமேல் விழும் நிழல் என்று ஐந்து பகுதிகள் தெரியும். இந்த ஐந்தையும் விரல் வைத்துக் காட்ட முடிகிற வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒரு முகத்திலும் இதே ஐந்துதான் இருக்கின்றன.

இப்போது மூன்று சோதனைகள்.

முதலாவது, கேமரா சுற்றிவரட்டும். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது முட்டை ஒரு தட்டையான வட்டமாகத் தெரியும். ஜன்னல் பக்கவாட்டில் வந்ததும் அது உருண்டு திரண்டுவிடும். ஜன்னல் முட்டைக்குப் பின்னால் வந்தால் ஓரத்தில் ஒரு ஒளிக்கோடு மட்டும் மிஞ்சும். என் தெருப்படங்களில் முகங்கள் தட்டையாக இருந்ததற்குப் பாதிக் காரணம் இங்கே கிடைத்தது: வெயிலை எப்போதும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறேன்.

இரண்டாவது, மேசையை நகர்த்துங்கள். அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர். சின்ன விளக்காக இருந்தால் தூரம் இரண்டு மடங்காகும்போது வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும், அதாவது இரண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் பாதியாவது அல்லது இரண்டு மடங்காவது). பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் அவ்வளவு வேகமாகக் குறையாது, ஆனால் குறையும். அதைவிட முக்கியமாக நிழலின் விளிம்பைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும்போது பஞ்சு போல இருந்த விளிம்பு, தள்ளிப் போகப் போகக் கத்தி போலாகும். முட்டையின் இடத்திலிருந்து பார்த்தால் ஜன்னல் சிறுத்துக்கொண்டே போகிறது, அதுதான் காரணம். வெளிச்சம் மென்மையா கடுமையா என்பதை முடிவுசெய்வது விளக்கின் அளவு அல்ல, பொருளிலிருந்து பார்க்கும்போது அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே. சூரியன் அத்தனை பெரிதாக இருந்தும் நமக்கு வானத்தில் அரை டிகிரி அகலம்தான் தெரிகிறது, அதனால் அதன் நிழல் கூர்மை. மேகம் மூடினால் வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது, நிழல் கரைந்துபோகிறது.

மூன்றாவது, நிழல் பக்கத்தில் ஒரு சாண் தள்ளித் தெர்மாகோல் பலகையை நிறுத்தி ஒரு படம். அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு ஒரு படம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வெள்ளை நிழலைத் திறந்துவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கறுப்பு நிழலை ஆழமாக்கும் என்பதைப் பலர் முயன்று பார்ப்பதே இல்லை. வெள்ளைச் சுவர்கள் கொண்ட சின்ன அறையில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பட்டுத் திரும்பிப் படத்தை வெளுக்கவைக்கும். அங்கே கறுப்புத் துணிதான் கைகொடுக்கும்.

இந்தச் சோதனைகளுக்கு ஒரு நாள் போதாது. செக் நாட்டுப் புகைப்படக்காரர் யோசஃப் சுடெக், முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர், பிராக் நகரில் தன் ஸ்டுடியோ ஜன்னலை 1940 முதல் 1954 வரை திரும்பத் திரும்பப் படமெடுத்தார். பனி படிந்த கண்ணாடி, மழைத்துளி, ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடி டம்ளர். அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார்; புனலின் வளைவு ஒளியை எல்லாப் பக்கமிருந்தும் திருப்பி அனுப்பியது. ‘பெப்பர் நம்பர் 30’ என்ற அந்தப் படத்தின் பெயரில் உள்ள எண், குடைமிளகாய்ப் படங்களின் வரிசையில் அதற்குரிய இடம். உங்கள் வீட்டிலும் ஒரு புனல் இருக்கும். முயன்று பாருங்கள்.

இரண்டாவது படி: முட்டையின் இடத்தில் ஒரு முகம்

வீட்டில் யாராவது ஒருவரை உட்காரச் சொல்லுங்கள். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தூரம், பின்சுவரிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர். சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் நிழல் சுவரில் விழுந்து படத்தைக் கெடுக்கும். தள்ளி உட்கார்ந்தால் சுவர் இருண்டுபோய் முகம் தனியாக மேலே வரும்.

ஜன்னல் தரைவரை நீளமாக இருந்தால் அதன் கீழ்ப்பாதியைத் துணியால் மறைத்துவிடுங்கள். என் வீட்டுப் படங்களில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது இந்தச் சின்ன வேலைதான். வெளிச்சம் மேலிருந்து வருவதுதான் நம் கண்ணுக்குப் பழக்கம். கண்மட்டத்துக்குக் கீழிருந்து வந்தால் தாடையும் மூக்குத்துளையும் வெளுத்து, முகம் அந்நியமாகிவிடும்.

இப்போது அவர் முகத்தை ஜன்னலை நோக்கி மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் நிழல் பக்கக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, ஒரு சின்ன ஒளி முக்கோணம் தோன்றும். ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் அழைக்கப்படும் வெளிச்சம் இதுதான். இன்னும் திரும்பினால் முக்கோணம் பெரிதாகி நிழலைத் தின்றுவிடும். ஜன்னல் முழுக்கப் பக்கவாட்டில் இருந்தால் முகம் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. கண்ணில் ஜன்னலின் பிரதிபலிப்பு ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறதா என்று எப்போதும் பாருங்கள். அது இல்லாத கண்ணில் உயிர் தெரிவதில்லை.

கேமராவில் எஃப்/4, ஷட்டர் 1/125க்குக் குறையாமல், ஐஎஸ்ஓ தேவையான அளவு. கேமராவுக்குப் பக்கத்தில் உள்ள கண்ணில் ஃபோகஸ். பின்னால் கட்டும் துணியை இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். மடிப்புக் கோடுகளைப் பிறகு கணினியில் அழிப்பது பெரிய வேதனை.

உட்கார்ந்திருப்பவரிடம் "சிரிங்க" என்று சொல்லாதீர்கள். ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் கழித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பும் அந்த அரை விநாடி உங்களுக்கானது. இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென் 1948இல் ஸ்டுடியோவில் இரண்டு பலகைகளைச் சேர்த்து ஒரு குறுகிய மூலையை உண்டாக்கி, பெயர்பெற்ற மனிதர்களை அதற்குள் நிற்கவைத்து எடுத்தார். இரண்டு தெர்மாகோல் பலகைகளை வைத்து நானும் செய்து பார்த்தேன். வெட்டவெளியில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறவர்கள், மூலைக்குள் போனதும் தாமாகவே சாய்கிறார்கள், தோளை ஊன்றுகிறார்கள், கையைக் கட்டிக்கொள்கிறார்கள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது படி: கேமரா இல்லாமல் தெருவுக்கு

அரை மணி நேரம் வெறுங்கையோடு நடந்துவிட்டு வாருங்கள். மனிதர்களைப் பார்க்காதீர்கள், வெளிச்சத்தை மட்டும் பாருங்கள். வீட்டில் செய்த எல்லாமே அங்கே ஏற்கெனவே இருக்கும். ஒரு வாசலுக்குள் இரண்டடி தள்ளி நிற்பவர் முகத்தில் விழுவது ஜன்னல் வெளிச்சம். வெயில் பட்ட வெள்ளைச் சுவருக்கு எதிர்ப்பக்க நிழல் ஒளிர்கிறதே, அந்தச் சுவர்தான் தெர்மாகோல் பலகை. குறுகிய சந்தில் இரண்டு பக்கமும் இருண்ட சுவர்கள் என்றால் அது கறுப்புத் துணியின் வேலை. உச்சிவெயிலில் கண்கள் குழியாவது, விளக்கு நேர் மேலே, சின்னதாக, தொலைவில் இருப்பதால். அதே மனிதர் வெயில் முடிந்து நிழல் தொடங்கும் கோட்டைத் தாண்டி ஓரடி உள்ளே வந்ததும் கண்கள் திறந்துகொள்ளும். நான் இழந்த முகங்களில் முக்கால்வாசியை ஓரடி நகர்ந்து காப்பாற்றியிருக்கலாம்.

இப்படி இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில், எந்த மணிக்கு, எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வருகிறது என்று எழுதிவையுங்கள். அப்புறம் கேமராவோடு போய் அந்த இடத்தில் நில்லுங்கள். நாற்பது நிமிடம்.

காத்திருப்பதற்கு வரலாற்றிலேயே ஒரு நல்ல துணை உண்டு. 1838இல் புகைப்படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி தாகேர் பாரிஸில் ஒரு மேல்மாடி ஜன்னலிலிருந்து புல்வார் து தாம்ப்ல் என்ற தெருவைப் படமெடுத்தார். ஒளி பதியப் பல நிமிடங்கள் பிடித்ததால், போய்வந்துகொண்டிருந்தவர்கள் யாரும் அதில் விழவில்லை. ஓரிடத்தில் நின்று தன் காலணிக்குப் பாலிஷ் போடவைத்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் பதிந்தார், அவர் காலடியில் பாலிஷ் போடுபவரின் மங்கலான உருவமும். மனிதர் பதிவான மிகப் பழைய புகைப்படமாக அறியப்படுவது அதுவே. ஒரு ஜன்னல், ஒரு தெரு, அசையாமல் நின்ற ஒருவர்.

நான்காவது படி: யோசிக்காமல் இயங்கும் கேமரா

தெருவில் ஆட்டோஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் படம் போய்விடும். தூரத்தை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். ஃபுல் ஃபிரேமில் 35 மி.மீ. லென்ஸ், எஃப்/8, ஃபோகஸ் 3 மீட்டரில் என்றால் சுமார் 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். எஃப்/11 வைத்தால் ஏறக்குறைய 1.7 முதல் 15 மீட்டர் வரை. லென்ஸில் தூர அளவுகோல் இல்லாவிட்டால் மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு பொருளில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். மூன்று மீட்டர் எவ்வளவு என்பது காலுக்குத் தெரிய வேண்டும். வீட்டில் டேப் வைத்து அளந்து பழகுங்கள்.

ஷட்டர் 1/500, அபர்ச்சர் எஃப்/8, ஐஎஸ்ஓ ஆட்டோவில், உச்சவரம்பு 6400. நடப்பவர்களுக்கு 1/250 போதும் என்பார்கள். பக்கத்தில் குறுக்காகக் கடப்பவர்களுக்கு அது போதாது. கடும் வெயிலும் நிழலும் கலந்த இடத்தில் கேமரா நிழலைக் காப்பாற்ற நினைத்து வெயில் பட்ட முகத்தை வெளுக்கவைத்துவிடும். அங்கே எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் அளவு குறையுங்கள், அல்லது முழுக்க மேனுவலுக்குப் போங்கள். ஒரு பழைய கணக்கு நினைவில் இருக்கட்டும்: நல்ல வெயிலில் எஃப்/16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 400 என்றால் 1/400. எஃப்/11க்கு வந்தால் 1/800. நிழல்கள் முழுக்கக் கறுத்துப்போகும், போகட்டும். அந்தக் கறுப்பு சுற்றியிருக்கும் குப்பையையெல்லாம் மறைத்துவிடும்.

இரவில் எல்இடி விளக்குகளுக்குக் கீழே படத்தில் கோடுகோடாக விழுந்தால் கேமராவில் பழுதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை துடிக்கின்றன. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 அல்லது 1/50 வைத்துப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/120 அல்லது 1/60.

ஒரு நாள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்யுங்கள். ஷட்டரை 1/15க்கு இறக்கி, போகும் சைக்கிளோடு சேர்ந்து கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுங்கள். ஐம்பதில் ஒன்று தேறும். அந்த ஒன்றில் ஓட்டுபவர் மட்டும் தெளிவாகவும் உலகம் முழுவதும் கோடுகளாகவும் இருக்கும்.

ஐந்தாவது படி: மனிதர்கள்

கேமராவை ஒளிக்காதீர்கள். இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்காததுபோல எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. படச்சட்டம் கோணலாகும் என்பது ஒரு பக்கம். பார்க்கிறோம் என்பதை ஒத்துக்கொள்ளாமல் பார்ப்பது அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதைக்குறைவு. கேமராவைக் கழுத்தில் தெரியும்படி மாட்டிக்கொண்டு ஓரிடத்தில் நின்றால் பத்து நிமிடத்தில் நீங்கள் அந்த இடத்தில் ஒரு ஆளாகிவிடுவீர்கள். கண் பட்டால் தலையசையுங்கள். வேண்டாம் என்று கை காட்டினால் இறக்கிவிடுங்கள். எடுத்ததை அழிக்கச் சொன்னால் அவர் கண்முன் அழியுங்கள், வாதாட வேண்டாம். அழுகிறவர்களை, அடிபட்டுக் கிடப்பவர்களை, தெருவையே வீடாக்கிக்கொண்டு தூங்குகிறவர்களை நான் எடுப்பதில்லை. குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்டுவிட்டுத்தான். பொது இடத்தில் எடுக்கவும் எடுத்ததை வெளியிடவும் உள்ள சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊர்ச் சட்டத்தைப் படித்துக்கொண்டு இறங்குங்கள்.

கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. சம்மதம் கிடைத்ததும் ஓரடி நிழலுக்குள் வரச் சொல்லுங்கள். வீட்டில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்துப் பழகிய கைகள் அங்கே தாமாக வேலை செய்யும்.

ஆறாவது படி: தெருவை வீட்டுக்குக் கொண்டுவருவது

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. தெருவில் பார்த்த வெளிச்சத்தை இரவில் ஒரே விளக்கை வைத்து வீட்டில் உண்டாக்குவது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவான சிஆர்ஐ 95க்கு மேல் உள்ள எல்இடி விளக்கோ கேமராவிலிருந்து கழற்றிய ஒரு ஃப்ளாஷோ போதும்.

ஃப்ளாஷ் என்றால் முதலில் அதை அணைத்துவிட்டு ஐஎஸ்ஓ 200, 1/160, எஃப்/5.6 வைத்து ஒரு படம் எடுங்கள். அது முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். அறை விளக்கின் பங்கு எதுவும் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு ஃப்ளாஷை அதன் முழுச் சக்தியில் 1/16 அளவில் போட்டு, அபர்ச்சரையோ ஃப்ளாஷின் அளவையோ மாற்றிச் சரிசெய்யுங்கள். ஷட்டர் வேகத்தைத் தொட்டால் ஃப்ளாஷ் வெளிச்சம் மாறாது, சூழ்ந்திருக்கும் வெளிச்சம்தான் மாறும். பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250க்கு மேல் போனால் சட்டத்தில் ஒரு கறுப்புப் பட்டை விழும்.

மேகமூட்டமான தெரு வேண்டுமா? ஃப்ளாஷை வெள்ளைச் சுவர்மேல் திருப்புங்கள்; சுவரே ஜன்னலாகிவிடும். மாலை வெயில் சந்துக்குள் ஒரு பட்டையாக விழுந்ததே, அது வேண்டுமா? பெரிய அட்டையில் இரண்டு விரல் அகலத்துக்கு நீளவெட்டு வெட்டி, முகத்துக்குப் பக்கமாக நிறுத்தி, விளக்கை முன்னால் துணி எதுவும் மறைக்காமல் மூன்று நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள். விளக்கு தள்ளியிருந்தால்தான் பட்டையின் விளிம்பு கூர்மையாக விழும். முட்டையில் பார்த்த அதே விதி. வெளிச்சத்தை மஞ்சளாக்க விளக்கின்மேல் ஆரஞ்சு நிற ஃபில்டர் தாள் ஒட்டி, கேமராவை 5500 கெல்வினில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையே மறுபக்கமாகவும் செய்யலாம். இர்விங் பென் 1950, 1951இல் பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களின் தொழிலாளர்களை, அவரவர் வேலை உடையிலும் கருவிகளோடும் ஸ்டுடியோவுக்கு அழைத்து, இயற்கை வெளிச்சத்தில் எடுத்தார். பின்னால் கட்டியிருந்தது பாரிஸில் கிடைத்த ஒரு பழைய நாடகத் திரை. பிற்பாடு கூடாரம்போல ஒரு ஸ்டுடியோவையே தூக்கிக்கொண்டு பல நாடுகளுக்குப் போனார். நம்மால் முடிவது ஒரு சாம்பல் நிறத் துணி, இரண்டு கிளிப். எதிர்ச்சுவரில் வெயில் பட்டு ஒளிரும் ஒரு நிழலில் அதைக் கட்டுங்கள். தெரு அங்கேயே ஸ்டுடியோவாகிவிடும். வேலை செய்கிறவரிடம் அனுமதி கேட்டு, கையிலிருக்கும் கருவியைக் கீழே வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். எடுத்த படத்தை அச்சடித்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள்.

ஏழாவது படி: தேர்வு

எடுத்த அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தத் தருணத்தின் மகிழ்ச்சி இன்னும் உடம்பில் இருக்கும், படத்தில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒரு வாரம் போகட்டும். அதற்காக ஒரேயடியாகப் போட்டுவைக்கவும் கூடாது. அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் விவியன் மையர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர். ஏராளமான ஃபிலிம் சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன. 2007இல் ஏலத்துக்கு வந்த பிறகுதான் அவர் படங்கள் வெளியுலகுக்குத் தெரிந்தன, 2009இல் அவர் இறந்துவிட்டார். அவர் ஏன் அவற்றைப் பார்க்கவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

மாதம் இருபது படங்களைச் சின்ன அளவில் அச்சடித்துத் தரையில் பரப்புகிறேன். தெருப்படம், வீட்டுப்படம் என்று பிரிப்பதில்லை. வெளிச்சத்தை வைத்து ஜோடி சேர்க்கிறேன்: வாசலில் நின்றவரோடு ஜன்னலோரம் உட்கார்ந்தவர், சந்துப் பட்டையோடு அட்டைப் பட்டை. ஜோடி கிடைக்காத படம் இருந்தால் அதுதான் அடுத்த மாதத்துக்கான வேலை. இப்போது என்னிடம் ஜோடியில்லாமல் இருப்பது பின்னாலிருந்து வெளிச்சம் வரும் ஒரு படம். ஈரத் தரையிலிருந்து மேலே பட்டுத் திரும்பிய ஒளி முகத்தின் கீழ்ப்பாதியை மட்டும் தொட்டிருக்கிறது. வீட்டில் அதை உண்டாக்கத் தரையில் ஒரு கண்ணாடியைப் படுக்கவைத்துப் பார்த்தேன், மிகக் கடுமையாக விழுகிறது. அடுத்து, அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்க்கப் போகிறேன்.